ஒன்பதாவது சான்றிதழ்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழே காலுக்கு 'கங்கிராஜுலேஷன்ஸ்' என்று தலைப்புப் போட்டு ஒரு மெயில் வந்திருந்தது. லோகநாயகி அதைத் திறக்காமலே அழித்தாள். முப்பத்திரண்டு வயதில் தன்னை யாராவது வாழ்த்தினால் அதில் ஏதோ திருட்டுத்தனம் இருக்கிறது என்பது அவளுடைய தொழில் அனுபவம்.

தென்காசி பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்தது 'லோகா துப்பறியும் நிலையம்'. போர்டில் பெயர், போன் நம்பர், மெயில் முகவரி மூன்றும் பெரிதாக எழுதியிருக்கும். துப்பறிவது என்றால் முக்கால்வாசி கல்யாண விசாரணை. இந்த வாரம் மட்டும் மூன்று. மூன்று மாப்பிள்ளைகளும் குடித்தார்கள். அதை எழுதிக் கொடுத்தும் மூன்று கல்யாணமும் நடக்கப் போகின்றன.

"எதுக்கு மேடம் நம்மட்ட கேக்காவ?" என்றார் பிச்சைமணி. "குடிப்பாரான்னு கேக்காவ. ஆமாங்கோம். 'அளவாத்தான?'ங்காவ. அளவு பாக்கதுக்கு நாம என்ன பெட்ரோல் பங்கா?"

பிச்சைமணி ஐம்பத்து நான்கு வயது ஆட்டோக்காரர். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் சவாரி அடிப்பார். சவாரி இல்லாத நேரத்தில் லோகநாயகிக்கு உதவியாளர். சம்பளத்தில் பாதியைக் காப்பியாகவே குடித்துவிடுவார்.

லோகநாயகி சிரிக்கவில்லை. சிரிப்பதற்கும் தெம்பு வேண்டும்.

அப்போதுதான் அந்தப் பெண் படியேறி வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். சாரலில் நனைந்த துப்பட்டா. கையில் பிளாஸ்டிக் ஃபைல் ஒன்றை நெஞ்சோடு அணைத்திருந்தாள். மேஜைமேல் வைத்தபோதுதான் தெரிந்தது, ஃபைல் காலி.

"என் பேரு சுகந்திக்கா. சுந்தரபாண்டியபுரம். பி.இ. முடிச்சிருக்கேன்." மூச்சு வாங்கினாள். "நாளைக்குக் காலையில பத்து மணிக்குச் சென்னையில சான்றிதழ் சரிபார்ப்பு. குரூப் ஃபோர். இன்னைக்கு ஆறரைக்குப் பொதிகை ரயில்ல டிக்கெட் போட்டாச்சு. ஆனா ஒரிஜினல் ஒண்ணுகூட என்ட்ட இல்ல."

"இல்லேன்னா? தொலைச்சிட்டியா?"

"கொடுத்துட்டேன்."

நான்கு வருஷம் படித்து, மூன்று வருஷம் பரீட்சை எழுதி, சூரியகாந்திக் காட்டில் கூலிக்கு நிற்கும் அப்பாவிடம் 'இந்தத் தடவை கெடச்சிரும்ப்பா' என்று சொல்லிவிட்டு வந்தவள். நாளைக்குப் பத்து மணிக்கு ஒரிஜினலைக் காட்டாவிட்டால் அந்த வேலை பட்டியலில் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும். அவ்வளவுதான் விஷயம். மற்றதெல்லாம் அழுகை.

அழுகை முடியும்வரை பிச்சைமணி அவளுக்குத் தன் காப்பியைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். அது பெரிய தியாகம்.

மூன்று வாரத்துக்கு முன்னால் சுகந்திக்கு ஒரு மெயில் வந்திருக்கிறது. ஏதோ ஒரு ஏர்போர்ட் கம்பெனி. நேர்முகத் தேர்வு கிடையாது, மார்க் பார்த்தே எடுத்துவிட்டோம். ஒரிஜினல் சான்றிதழ்களை ஒரு கவரில் போட்டுக் குற்றாலத்தில் 'சாரல் இல்லம்' லாட்ஜ் வரவேற்பில் கொடுத்துவிடவும். எங்கள் சரிபார்ப்பு அதிகாரி அங்கே தங்கியிருக்கிறார். ஏழு நாளில் திரும்பக் கிடைக்கும்.

"அதிகாரி சீசனுக்குக் குளிக்க வந்துருக்காரு போல," என்றார் பிச்சைமணி. "போற போக்குல உன் தலையிலயும் தண்ணி ஊத்திட்டாரு."

"ஏழு நாள் முடிஞ்சு கேட்டேன்க்கா. பணம் கட்டுனாத்தான் தருவோம்னு பதில் வந்துச்சு. அவ்வளவு பணம் எங்கப்பா ஒரு வருஷம் உழைச்சாலும் வராது. போலீஸ்ல ஆன்லைன் புகார் கொடுத்தாச்சு, நம்பர் வந்துருக்கு. ஆனா நாளைக்குள்ள நடக்கணுமே?"

"பணம் கேட்டதுக்கு அப்புறம் மெயில் வந்துச்சா?"

"இல்லக்கா. ஒண்ணும் வரல."

பதில் கொஞ்சம் வேகமாக வந்தது. லோகநாயகி அதைக் கவனித்தாள். கவனித்ததை ஓரமாக வைத்தாள்.

சுகந்தி எல்லா மெயிலையும் கீழே ஜெராக்ஸ் கடையில் அச்சடித்துக் கொண்டு வந்திருந்தாள். லோகநாயகி முதல் தாளை எடுத்தாள். நல்ல ஆங்கிலம். கொடுக்க வேண்டிய சான்றிதழ்களின் பட்டியல் வரிசையாக இருந்தது. பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி, சாதி, இருப்பிடம் என்று எட்டு. எட்டு வரைக்கும் சரி.

ஒன்பதாவதில் அவள் விரல் நின்றது.

'முதல் பட்டதாரி சான்றிதழ், குடும்ப உறுதிமொழியுடன்.'

"அண்ணாச்சி, இந்த முதல் பட்டதாரி சான்றிதழ் தெரியுமா?"

"எங்க வீட்டுல முதல் பட்டதாரியே இன்னும் பொறக்கல. சான்றிதழ நான் எங்க பாக்க?"

லோகநாயகிக்குத் தெரியும். அந்தத் திட்டம் வந்த முதல் வருஷமே வாங்கியவள் அவள். அதற்காகத் தாலுகா ஆபீசுக்கு ஏழு தடவை நடந்திருக்கிறாள். அதில் எழுதியிருப்பது ஒன்றே ஒன்றுதான்: இவள் வீட்டில் இவளுக்கு முன்னால் யாரும் பட்டம் படிக்கவில்லை. அதைக் காட்டினால் காலேஜ் ஃபீஸில் கழிவு. வீட்டில் ஒரு பிள்ளைக்குத்தான் அது செல்லும் என்பதால் எல்லோரும் கையெழுத்துப் போட்ட உறுதிமொழி ஒன்றும் கூட வேண்டும்.

"இது தமிழ்நாட்டைத் தாண்டுனா வெறும் காயிதம். ஏர்போர்ட் கம்பெனிக்காரனுக்கு எங்கப்பா படிச்சிருந்தா என்ன, படிக்காட்டி என்ன? டெல்லியில உக்காந்து மோசடி பண்ணுதவனுக்கு இப்படி ஒரு சான்றிதழ் இருக்கதே தெரியாது. உறுதிமொழி சேத்து வைக்கணும்னு தெரியுமா?"

"அப்போ?"

"இந்தப் பட்டியல எழுதுனவன் இந்தச் சான்றிதழக் கையில வச்சிக்கிட்டு வரிசையில நின்னவன்." பேப்பரைக் கீழே வைத்தாள். "நம்மாளு."

சொன்ன பிறகு அவளுக்கு அலுப்புக் கூடியது. வெளியூர்த் திருடன் என்றால் திட்டவாவது சுகமாக இருக்கும்.

அடுத்து, பதில் வந்த நேரங்களை ஒரு தாளில் எழுதினாள். போன வாரம் புதன்கிழமை பகலில் மூன்று பதில். வியாழன் நான்கு. வெள்ளி, சனி, ஞாயிறு பகல் முழுக்க ஒன்றுகூட இல்லை. திங்களும் இல்லை. செவ்வாய் காலையிலேயே இரண்டு.

"லீவு நாளும் இல்ல, வேலை நாளும் இல்ல. என்ன கணக்கு இது?" என்றாள்.

பிச்சைமணி எட்டிப் பார்த்தார். நக்கலுக்கு வாயைத் திறந்தவர் அப்படியே மூடினார்.

"புதன், வியாழன், செவ்வாய்... மேடம், இது என் பட்டினி நாள் லிஸ்ட்லா?"

"என்னது?"

"இந்த மூணு நாளும் அருவியில வெள்ளம். குளிக்கத் தடை. சவாரி இல்லாம ஸ்டாண்டுல படுத்துக் கெடந்தேன். வெள்ளி, சனி, ஞாயிறு கூட்டம் அள்ளுச்சு. சோறு திங்க நேரமில்ல."

லோகநாயகி நிமிர்ந்தாள். "இன்னைக்கு?"

"காலையிலேர்ந்து தடைதான். இல்லேன்னா நான் இங்கன உக்காந்து உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருப்பனா?"

"சுகந்தி, அவனுக்குச் சும்மா ஒரு 'குட் ஆஃப்டர்நூன் சார்' போடு."

சுகந்தி போனை மார்போடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, திரை தெரியாதபடி திரும்பி நின்று அடித்தாள். அதையும் லோகநாயகி கவனித்தாள்.

மூன்றாவது நிமிஷம் பதில் வந்தது. 'குட் ஆஃப்டர்நூன். உங்கள் ஃபைல் பரிசீலனையில் உள்ளது.'

"ஞாயித்துக்கிழமை மூணு நிமிஷத்துல பதில் சொல்லுதான்," என்றார் பிச்சைமணி. "கண்டிப்பா கம்பெனி இல்ல, திருடன்தான்."

"கூட்டம் இருந்தா இவனுக்குக் கை ஒழியாது. தடை போட்டா இவன் சும்மா இருக்கான்." லோகநாயகி குடையை எடுத்தாள். "அருவிக்கரையில பொழப்பு நடத்துத பட்டதாரி. வண்டிய எடுங்க அண்ணாச்சி."

---

குற்றாலம் ரோட்டில் திரும்பிப் போகிற வேன்கள்தான் வரிசையாக வந்தன. ஜன்னல் கம்பிகளில் நனையாத துண்டுகள். குளிக்க முடியாமல் போகிறவர்களின் முகங்களைப் பார்த்துப் பிச்சைமணி கையசைத்துக்கொண்டே ஓட்டினார்.

"எதுக்கு அவங்களுக்கு டாட்டா காட்டுதிய?"

"என் வருமானம் போகுதுல்லா மேடம். வழியனுப்பாண்டாமா?"

சாரல் இல்லம் லாட்ஜில் வரவேற்பு மேஜைக்குப் பின்னால் குமரகுரு என்ற ஆள் செல்போனில் ரம்மி ஆடிக்கொண்டிருந்தான். லோகநாயகி தன் அடையாள அட்டையைக் காட்டினாள். அட்டையைவிட, அவள் பார்த்த பார்வைக்குத்தான் அவன் எழுந்து நின்றான்.

"கவரா? ஆமாக்கா, ஒரு பிள்ளை கொடுத்துட்டுப் போச்சு. அன்னைக்கே ஒரு ஆளு வந்து வாங்கிட்டாரு. மாஸ்க், மழைக்கோட்டு. கம்பெனி ஆளுன்னாரு."

"இங்கன ரூம் போட்டுருந்தாரா?"

"இல்ல. கவர் வந்தா வாங்கி வைங்கன்னு மட்டும் சொன்னாரு. ஆளுங்க எதையாவது கொடுத்து வைக்கது வழக்கந்தான? நோட்டுல கையெழுத்து வாங்கிட்டுத்தான் கொடுத்தேன்."

நோட்டை நீட்டினான். வெள்ளிக்கிழமை தேதி. 'சரிபார்ப்பு அதிகாரி' என்று எழுதி ஒரு கிறுக்கல். கிறுக்கலைப் பார்த்து ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த இடத்தில் மட்டும் தாள் கண்ணாடி மாதிரி ஆகி, பின்பக்க எழுத்து அப்படியே தெரிந்தது.

லோகநாயகி நோட்டைப் பிச்சைமணியின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"என்ன மேடம், என்னைய நாய்னு நெனச்சிட்டியளா?" என்றபடியே மோந்து பார்த்தார். முகம் மாறியது. "வடை எண்ணெய் இல்ல. தைலம். அருவிக்கரையில மசாஜ் பண்ணுதாவள்ல, அந்த மூலிகை எண்ணெய்."

"வெள்ளிக்கிழமை கூட்டம். ஒரு உடம்புக்கும் அடுத்த உடம்புக்கும் நடுவுல ஓடி வந்து வாங்கிருக்கான். கை கழுவ நேரமில்ல." நோட்டை மூடினாள். "அதான் கூட்ட நாளுல பதிலும் வரல. அந்தக் கையோட போனத் தொட முடியாது."

---

ஐந்தருவிப் பக்கம் தண்ணீர் செம்மண் நிறத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. போலீஸ்காரர் ஒருவர் கயிறு கட்டி நின்றார். எண்ணெய்க் கடைகளுக்கு முன்னால் மசாஜ்காரர்கள் பன்னிரண்டு பதின்மூன்று பேர் பெஞ்சுகளில் குத்தவைத்திருந்தார்கள். எல்லோரும் ஒரே மாதிரிக் கைலி, ஒரே மாதிரி எண்ணெய் உடம்பு.

சுகந்தியை ஆட்டோவிலேயே இருக்கச் சொல்லிவிட்டு லோகநாயகி இறங்கினாள்.

"இதுல பட்டதாரி யாருன்னு எப்படிக் கண்டுபிடிப்பிய?" என்றார் பிச்சைமணி. "நெத்தியிலயா எழுதிருக்கு? ஒவ்வொருத்தர்ட்டயும் போயி, 'ஐயா, நீங்க பி.இ.யா, பி.ஏ.வா'ன்னு கேட்டா என் முதுகுல மிளகாப் பொடி மசாஜ் பண்ணிருவானுவ."

"நான் கேக்க மாட்டேன். அவங்களே சொல்லுவாங்க."

படிக்காதவர்கள் நடுவில் ஒரு படித்தவன் வேலை பார்த்தால் அவன் என்ன ஆவான் என்று அவளுக்குத் தெரியும். அவள் தெருவில் பத்து வருஷமாக அவள்தான் அது. பேங்க் சலான், ரேஷன் கார்டு திருத்தம், முதியோர் பென்ஷன், யார் வீட்டுக் காகிதமானாலும் அவள் வாசலுக்குத்தான் வரும்.

மெயில் அச்சடித்த தாளை மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு, முதல் பெஞ்சில் இருந்த பெரியவரிடம் போனாள்.

"அண்ணாச்சி, அவசரமா ஒரு ஃபாரம் நிரப்பணும். எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு. இங்கன யாராவது எழுதித் தருவாவளா?"

பெரியவர் யோசிக்கவே இல்லை. திரும்பி, "ஏலே லிங்கம்! ஃபாரம் வந்துருக்குலே!" என்று கத்தினார். பிறகு அவளிடம் பெருமையாக, "எஞ்சினியருக்குப் படிச்ச பய. எங்க எல்லாரு வீட்டுக் காயிதமும் அவன் கைதான்," என்றார்.

பிச்சைமணி லோகநாயகியைப் பார்த்து மெதுவாகத் தலையாட்டினார். அவரிடமிருந்து அதுதான் கைதட்டல்.

கடைசிப் பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து வந்தான். முப்பது வயதுக்குள். ஒல்லி. துண்டில் கையைத் துடைத்தான், ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. கடைக்குள்ளிருந்து பேனா எடுத்துக்கொண்டான்.

"கொடுங்கக்கா. என்ன ஃபாரம்?"

தாளைக் கொடுத்தாள். அவன் பிரித்தான். முதல் வரியைத் தாண்டவில்லை.

"எட்டு வரைக்கும் எனக்குப் புரிஞ்சிட்டு," என்றாள் லோகநாயகி. "ஒன்பதாவதுதான் புரியல. அது எதுக்கு?"

ஓடுவான் என்று பிச்சைமணி வழியை மறித்து நின்றார். அவன் ஓடவில்லை. ஓடுகிறவனுக்கும் ஒரு தெம்பு வேண்டுமல்லவா? பெஞ்சில் உட்கார்ந்தான்.

"எனக்கு வந்த லிஸ்ட்ல எட்டுதான் இருந்துச்சு. ஒன்பதாவது நான் சேத்தேன்."

"ஏன்?"

"தெரியலக்கா. எங்க போனாலும் அத எடுத்துட்டு வான்னுதான் சொன்னாவ. லிஸ்ட்னா அது இருக்கும்தான?"

இவ்வளவு நேரம் சேர்த்து வைத்திருந்த கோபத்தை எங்கே போடுவது என்று லோகநாயகிக்குத் தெரியவில்லை. "உனக்கு வந்த லிஸ்டா?" என்றாள்.

லிங்கேஸ்வரன். ஊர் திருவேங்கடம். பி.இ. மெக்கானிக்கல். இரண்டரை வருஷத்துக்கு முன்னால் இதே மெயில் அவனுக்கு வந்தது. வேறு ஊர், வேறு லாட்ஜ். எட்டு ஒரிஜினலும் போய்விட்டன. பணம் கேட்டார்கள், இல்லை. அப்புறம் வந்தது அடுத்த பதில்: பணம் இல்லையென்றால் மூன்று பேருடைய கவரை வாங்கி அனுப்பு. உன்னுடையது திரும்பி வரும்.

"ரெண்டு வருஷம் அந்த மெயிலத் தொடலக்கா. சத்தியமா. வீட்டுல சென்னையில கம்பெனி வேலைன்னு சொல்லிருக்கேன். பொங்கலுக்கு அயர்ன் பண்ணுன சட்டை போட்டுட்டுப் போவேன். இந்த வருஷம் அம்மா பொண்ணு பாக்க ஆரம்பிச்சிட்டாவ. மாப்பிள்ளை சர்ட்டிபிகேட்டக் காட்டுங்கன்னு பொண்ணு வீட்டுல கேட்டாவளாம்..."

"கல்யாண விசாரணை!" என்றார் பிச்சைமணி. "நம்ம தொழிலு இங்கனயும் வந்துட்டு பாத்தியளா."

அதற்குள் ஆட்டோவிலிருந்து சுகந்தி இறங்கி வந்துவிட்டாள். அவனைப் பார்த்ததும் நின்றாள்.

"லிங்கண்ணே?"

தென்காசியில் இலவசப் பயிற்சி வகுப்பில் இரண்டு பேரும் ஒரே அறையில் ஒரு வருஷம் உட்கார்ந்திருக்கிறார்கள். பரீட்சையில் அவன் அரை மார்க்கில் வாய்ப்பை விட்டவன். அந்த வகுப்பு வருகைப் பட்டியலில் இருந்த ஐம்பத்தாறு பேருக்கும் மெயில் போட்டிருக்கிறான். இரண்டு பேர்தான் கவர் கொண்டு வந்தார்கள். சுகந்தியும் ஆசிப் என்றொரு பையனும்.

"என் பேருன்னு தெரிஞ்சுதான் வாங்குனியளா?"

"தெரிஞ்சுதான்."

அவன் எண்ணெய்க் கடைக்குள் போய், அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு பொதியை எடுத்து வந்தான். மூன்று பிளாஸ்டிக் பைகளில் ஒன்றுக்குள் ஒன்றாக, சாரல் படாமல், பூச்சி அரிக்காமல் இருக்கக் கற்பூரம் வைத்துக் கட்டியிருந்தான். தன் சொந்தச் சான்றிதழைக்கூட அவன் இப்படி வைத்திருக்க மாட்டான்.

சுகந்தி அங்கேயே தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து மடியில் அடுக்கினாள். "ஒன்பது இருக்குக்கா." அப்போதுதான் அழுதாள்.

ஆசிப்பின் கவரை வாங்கிப் பிச்சைமணியிடம் கொடுத்துவிட்டு லோகநாயகி திரும்பினாள். கோபம் இப்போது வழி கண்டுபிடித்துவிட்டது.

"அரை மார்க்ல போனவனுக்கு ஒரு சான்றிதழோட அருமை தெரியாதா? உன் வீட்டுல முதல்ல படிச்சவன் நீ. அவ வீட்டுல முதல்ல படிச்சவ அவ. உன்னத் தூக்கிவிட அவளத் தள்ளுவியா? மூணு பேரப் பிடிச்சுக் கொடுன்னா கொடுத்துருவியா?"

"நான் மட்டுமாக்கா?" என்றான் லிங்கேஸ்வரன்.

சத்தமில்லாமல்தான் சொன்னான். சுகந்தியின் கை மடியில் அப்படியே நின்றது.

அவன் போனைத் திறந்து நீட்டினான். முந்தாநாள் அவன் சுகந்திக்கு அனுப்பிய மெயில்: பணம் இல்லையென்றால் மூன்று பேர் முகவரி அனுப்பவும். அதற்கு நேற்று வந்த பதில்: மூன்று மெயில் முகவரிகள். மேலே ஒரே வரி, 'சார், தயவுசெய்து ஞாயிறுக்குள் என்னுடையதைக் கொடுத்துவிடுங்கள்.'

முதல் முகவரி மீனா. இரண்டாவது கிருபா. மூன்றாவது, லோகா துப்பறியும் நிலையம்.

லோகநாயகி தன் போனை எடுத்து, காலையில் அழித்த மெயிலைத் தேடித் திறந்தாள். 'கங்கிராஜுலேஷன்ஸ். உங்கள் தோழி சுகந்தி உங்களைப் பரிந்துரைத்துள்ளார்.' கீழே பட்டியல். ஒன்பதாவது வரி.

"வேலைக்கு எடுத்துருக்காவளா மேடம்?" என்றார் பிச்சைமணி. யாரும் சிரிக்கவில்லை. அவரும்தான்.

"என் முகவரிய எதுக்குக் கொடுத்த?"

"மூணாவதுக்கு யாரும் தோணலக்கா. பஸ் ஸ்டாண்டுல நிக்கும்போது உங்க போர்டப் பாத்தேன். நீங்க ஏமாற மாட்டியன்னு தோணுச்சு."

"அப்போ மத்த ரெண்டு பேரும் ஏமாறுவாவன்னு தெரியும்."

சுகந்தி சான்றிதழ்களை ஃபைலுக்குள் அடுக்கத் தொடங்கினாள்.

"போன் போடு. ரெண்டு பேருக்கும். இப்பவே."

மீனா எடுத்தாள். மெயில் எல்லாம் தான் பார்ப்பதே இல்லை என்றாள். கிருபாவின் போன் அணைந்திருந்தது. மறுபடி போட்டாள். மறுபடியும் அணைந்திருந்தது.

"கிருபா காலையிலேயே பதில் போட்டுட்டா," என்றான் லிங்கேஸ்வரன். "ஆய்க்குடியிலேர்ந்து வாரா. ஆறு மணிக்கு லாட்ஜுல கவரக் கொடுக்கேன்னு சொல்லிருக்கா. அவதான் எனக்கு மூணாவது."

மணி நாலரை தாண்டியிருந்தது.

"நான் இருந்து அவள்ட்டச் சொல்லுதேன்க்கா," என்றாள் சுகந்தி. எழுந்து நின்றாள். ஃபைலை விடவில்லை. "அவ என்னைய நம்பித்தான் வாரா."

"ரயிலு உனக்காக நிக்காது. இவ்வளவையும் பண்ணிட்டு அந்த வேலையையும் விட்டேன்னா, எல்லாமே வீணு. போ." லோகநாயகி குரலில் கனிவு ஒன்றும் இல்லை. "அண்ணாச்சி, இவள ஸ்டேஷன்ல ஏத்திட்டு லாட்ஜுக்கு வாங்க. லிங்கேஸ்வரன், நீ என்கூட வா. நாளைக்குப் பத்து மணிக்குப் போலீஸ் ஸ்டேஷன். ஏமாந்தவன்னு ஒரு கையெழுத்து, ஏமாத்துனவன்னு ஒரு கையெழுத்து. ரெண்டும் போடணும்."

அவன் தலையாட்டினான். சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான்.

---

ஆறே முக்கால் இருக்கும். சாரல் இல்லம் வாசலில் மினி பஸ்ஸிலிருந்து இறங்கி ஒரு பெண் ஓடி வந்தாள். மஞ்சள் பையைத் துப்பட்டாவுக்குள் மறைத்துப் பிடித்திருந்தாள். தலை நனைந்திருந்தது, பை நனையவில்லை.

"இங்கன ஏர்போர்ட் கம்பெனி கவர் யாருட்டக் கொடுக்கணும்?"

"யாருட்டயும் கொடுக்காண்டாம் கிருபா," என்றாள் லோகநாயகி. "அது மோசடி. வீட்டுக்குப் போ."

கிருபா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க யாரு?"

சொன்னாள். அட்டையைக் காட்டினாள். கிருபா அட்டையைப் பார்க்கவில்லை.

"எனக்குக் கெடச்ச வேலையக் கெடுக்க வந்துருக்கியளா? சுகந்தியே என் பேரச் சொல்லிருக்கா, மெயில்லயே போட்டுருக்கு. ஆறு வருஷப் பழக்கம். ஹாஸ்டல்ல ஒரே தட்டுல தின்னுருக்கோம். அவ எனக்குக் கெடுதல் நெனப்பாளா?"

இந்தத் தொழிலில் இதுதான் களைப்பு. உண்மையைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான். அதை ஒருவர் கையில் கொடுப்பதற்குள் உயிர் போய்விடும்.

பெஞ்சிலிருந்து லிங்கேஸ்வரன் எழுந்தான்.

"அந்த மெயில நான்தாம்மா எழுதுனேன்," என்றான். "கம்பெனி கெடையாது. ஏர்போர்ட்டு கெடையாது. உன் பேர எனக்குக் கொடுத்தது சுகந்தி. அவளோடது என்ட்ட இருந்துச்சு. உன்னோடதக் கொண்டு வந்தா அவளோடதத் தாரேன்னேன்."

கிருபா அவனுடைய எண்ணெய் படிந்த கைகளையே பார்த்தாள். பிறகு லோகநாயகியை. "அப்போ எனக்கு வேலை?"

மேஜைக்குப் பின்னால் குமரகுரு ரம்மியை நிறுத்திவிட்டான்.

பிச்சைமணியின் ஆட்டோ வந்து நின்றது. அதே நேரம் லோகநாயகியின் போன் அடித்தது. சுகந்தி. பின்னால் ரயில் பெட்டியின் இரைச்சல்.

"ஏறிட்டேன்க்கா. கிருபா வந்தாளா?"

"வந்துட்டா. நீயே பேசு."

போனை நீட்டினாள். கிருபா வாங்கிக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் சுகந்தி சொல்வதும் அழுவதும் வெளியே கேட்டது. வசவு வரப்போகிறது என்று பிச்சைமணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போதும்ட்டி, நிப்பாட்டு," என்றாள் கிருபா கடைசியில். "நாளைக்கு எல்லாக் காயிதத்தையும் ஒழுங்கா காட்டிட்டு வா. வந்த பொறவு பேசிக்கிடுவோம்."

போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஏறு தாயி, ஆய்க்குடியில விட்டுருதேன்," என்றார் பிச்சைமணி. "இன்னைக்குத் தடை. அதனால சவாரி இனாம்." ஏறுவதற்கு வசதியாகக் கையை நீட்டினார். "பையப் பிடிக்கட்டுமா?"

"வேண்டாம் அண்ணாச்சி," என்றாள் கிருபா. மஞ்சள் பையைத் துப்பட்டாவோடு சேர்த்து இன்னும் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். "நானே வச்சிக்கிடுதேன்."